பிடி அரிசிக்கு யாரும் வராத வீடு

சனிக்கிழமை மத்தியானம் வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் மில்லை நிறுத்துவார்கள். பெல்ட் ஓடுகிற சத்தம் அடங்கினால் எங்கள் வீட்டில் ஒரு அமைதி வரும் பாருங்கள், பல்லி கத்துவது கூடக் கேட்கும். அந்த நேரத்தில்தான் நேசம்மா அக்கா எங்கள் வாசலைத் தாண்டிப் போவாள்.

நல்ல உயரம். வாரம் முழுக்க எங்கள் களத்தில் நெல் துழாவிக் கறுத்துப்போன கை. சனிக்கிழமை மட்டும் குளித்து, தலை வாரி, பழைய புடவைத் துணியில் தைத்த பை ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள். பையில் வீடு வீடாக வாங்கிய அரிசி இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கமாகவே நடப்பாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தால், "தோத்திரம்மா" என்பாள். நானும் "தோத்திரங்க்கா" என்பேன். அவ்வளவுதான். வளைவு திரும்பிப் போய்விடுவாள்.

உள்ளே அடுப்பங்கரை அலமாரியில், மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பிஸ்கட் டப்பாவில் நான் தினமும் ஒரு பிடி அரிசி போட்டு வைத்திருந்தேன். அவளுக்காகத்தான் வைத்தேன். அவள் கேட்க வரவே இல்லை. டப்பாவில் வண்டு வந்தது. புடைத்து வண்டை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டு வைத்தேன்.

அரிசி மில் வைத்திருக்கிற வீட்டு மருமகள் ஒரு டப்பா அரிசியை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லையே என்று ஜன்னலில் நின்றாளாம். சிரிப்பாகத்தான் இருக்கும். சிரியுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அம்மா தூக்கிய பை

பிடி அரிசி என்றால் எங்கள் சபைப் பெண்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைத்து, அரிசியை எடுத்துக் களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். அது ஆண்டவருக்கு. அன்றைக்கு வீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடு என்றாலும், அரைவயிற்றுக் கஞ்சிதான் என்றாலும், பிடி எடுத்த பிறகுதான் உலையில் போடுவது. வாரக் கடைசியில் சபையிலிருந்து ஒரு பெண் வந்து அதை வாங்கிக்கொண்டு போவாள். ஊரில் சபையை நடத்துகிற உபதேசியார் குடும்பம் அதில்தான் சாப்பிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மத்தியானக் கஞ்சியும் அதில்தான்.

வாங்குகிறவள் பையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. அது பிச்சைக்காரி வேலை. உள்ளே வந்து உட்கார வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன உடம்பு என்று கேட்க வேண்டும். பிறகு கண்ணை மூடி, ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபம் பண்ண வேண்டும். அப்புறம்தான் அரிசி.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் என் நைனா உபதேசியாராக இருந்தார். அங்கே பை தூக்கினவள் என் அம்மா. நான் கூடவே போவேன். அம்மா ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணைத் திறந்து அந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பேன். அம்மா யாரையும் விட மாட்டாள். இடுப்பு வலிக்காரி, பட்டாளத்துக்குப் போய்க் கடுதாசி போடாத மகன், மாமியாரோடு சண்டை போட்டுத் தாய்வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற பெண், பால் வற்றிப்போன மாடு, எல்லாருக்கும் அந்த ஜெபத்தில் இடம் உண்டு. மாட்டுக்குக் கூடப் பேர் சொல்லுவாள். ஊரில் தன் பேரை யாரும் ஆண்டவரிடம் சொல்லவில்லை என்று ஒரு ஜீவன் குறைப்பட முடியாது.

என் பேர் சுகிர்தம். கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த பிறகு அந்தப் பேரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. மாமனார் "ஏம்மா" என்பார். மில் ஆட்கள் "சின்னம்மா" என்பார்கள். என் வீட்டுக்காரர் மெட்ராசில் ஒரு கம்பெனியில் வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் "இந்தா" என்பார். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆக, அந்தப் பெரிய வீட்டில் என் பேர் என் தகரப் பெட்டி மேல் பெயிண்டில் எழுதியிருந்ததோடு சரி.

திருவண்ணாமலை ரோடு

எங்கள் மில் திருவண்ணாமலை ரோட்டில் இருந்தது. பின்பக்கம் களம். அதற்குப் பின்னால் கோட்டை மலை. வெயில் காலத்தில் அந்தப் பாறை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகு சூட்டைக் கக்கும். புழுங்கல் நெல் அவிகிற வாசனையும் அந்தச் சூடும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்து உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

என் மாமனார் பிறந்தது ஊருக்கு வெளியே, இப்போது காலனி என்கிறார்களே, அங்கே. மற்றவன் நிலத்தில் மாடு ஓட்டிய குடும்பம். பையனாக இருக்கும்போதே ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, அங்கே அரிசி மில்லில் கூலியாகச் சேர்ந்து, பெல்ட்டில் வலது கையின் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, யுத்தத்தின்போது நடையாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். மிஷின் தெரியும். கடை வீதியில் அவருக்கு இடம் விற்க ஆள் இல்லை. இந்த ரோட்டோரத்தில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தை வாங்கி நெல் அரைக்கிற ஹல்லர் மிஷின் ஒன்றைப் போட்டார். பிறகு பாய்லர், பிறகு களம், பிறகு வீடு.

எதிர்ப்பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரர் வீடு. அந்த அம்மாள் நல்ல மாதிரி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "இன்னா சின்னம்மா, சமையல் ஆச்சா? உங்க வூட்டுக்காரு இந்த வாரம் வர்றாரா?" என்று கேட்பார். நான் இந்தப் பக்கம் நின்று பதில் சொல்லுவேன். நடுவில் பஸ் போனால் பேச்சு நிற்கும். பஸ் போனதும் தொடரும். உள்ளே வாங்களேன் என்று ஒரு நாள் கூப்பிட்டேன். "வேல கெடக்குது சின்னம்மா" என்றார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டி வருமே என்கிற பயம். எனக்கும் தெரியும், நான் தெரிந்துகொண்டது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

அமாவாசையன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் வாசல் வழியாகப் போகும். ஜன்னல், படிக்கட்டு, கூரை எல்லாம் ஜனம். எலுமிச்சம்பழ மாலையும் மஞ்சள் துணியுமாக எத்தனை முகம். நான் வாசலில் நின்று ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்பேன். சாமி வேறாக இருந்தால் என்ன, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு போகிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பெஞ்சு

கடைத்தெருக்காரர்கள் வராதது சரி. எங்கள் ஜனம் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள்.

சபையில் எல்லாரும் பாயில் உட்காருவார்கள். மாமனார் மழை ஈரத்தில் கிழவர்கள் கஷ்டப்படுகிறார்களே என்று ஒரு பெஞ்சு செய்து போட்டார். நல்ல தேக்கு. போட்டவர் முதலில் உட்கார்ந்தார். அன்றோடு அது மொதலாளி பெஞ்சு ஆகிவிட்டது. கிழவர்கள் ஈரப் பாயிலேயே இருந்தார்கள். வாராவாரம் அந்த நீளமான பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவர், இன்னொரு ஓரத்தில் நான். நடுவில் மூன்று குடும்பம் உட்காரலாம்.

பணக்காரனையும் ஒட்டகத்தையும் ஊசியின் காதையும் சேர்த்துச் சொல்லும் வசனம் ஒன்று வேதத்தில் உண்டு. போதகர் அதை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு தலையும் எங்கள் பக்கம் திரும்பாது. அவ்வளவு மரியாதை. திரும்பிப் பார்த்துச் சிரித்திருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாமனார் அந்த வசனம் வருகிற அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கும் அவர் கையை நான் பார்த்திருக்கிறேன், அது தூங்குகிற கை இல்லை.

ஒரு ஞாயிறு துணிந்து எழுந்து போய்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தன் முந்தானையால் நான் உட்காரும் இடத்தைத் துடைத்தாள். பாயிலும் என்னைச் சுற்றி ஒரு பெஞ்சு முளைத்துவிட்டது. அடுத்த வாரம் பழைய இடத்துக்கே போய்விட்டேன்.

மூட்டை

மாசத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி சபைக் கோயிலுக்குப் போகும். ஆராதனை தொடங்கும் முன் மில் ஆள் ஒருவன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடுவாசல் வழியாக வருவான். பின்னால் வெள்ளைச் சட்டையில் மாமனார். மூட்டையைப் பீடத்துக்கு முன்னால் இறக்கி வைக்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். எல்லோரும் ஆமென் சொல்லுவார்கள்.

இந்த மூட்டைக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று சபைக் கமிட்டியில் பேசி, மில்லுக்காரர் வீட்டுக்குப் பிடி அரிசிக்குப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். மூட்டை கொடுக்கிறவரிடம் போய்ப் பையை நீட்டினால் அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆகும் என்று அவர்கள் நினைப்பு. நான் வருவதற்கு முன்பே செய்த ஏற்பாடு. இதைச் சொன்னபோது மாமனார் முகத்தில் எவ்வளவு பெருமை. அந்த மரியாதைதான் எங்கள் வாசலை அடைத்தது என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

வண்டு வந்த டப்பா அரிசியைப் புடைத்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு கோயில் முடிந்ததும் நேசம்மாவிடம் போனேன்.

"இது இன்னாம்மா?" என்றாள்.

"பிடி அரிசிக்கா."

"உங்க வூட்டு மூட்டை வந்துட்டுதே. இது எதுக்கு?"

"நான் போட்டது. என் கையால."

வாங்கிப் பையில் கொட்டிக்கொண்டாள். ஜெபம் பண்ணவில்லை. கோயில் வாசலில் நின்றபடி எப்படிப் பண்ணுவாள். சனிக்கிழமை வீட்டுக்கு வாங்கக்கா என்றேன். அவளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"திங்கக்கெழம காலைல அதே வூட்டுப் பின்னாடி கூலிக்கு நிக்கிறவ நானு. சனிக்கெழம முன்வாசல்ல வந்து குந்திக்கினு ஜெபம் பண்ணா நல்லாவாம்மா இருக்குது? போங்க, வெயிலா இருக்குது" என்றாள்.

அன்றைக்கு மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேவிட்டேன். "மாமா, மூட்டையை நிறுத்திட்டு நாமளும் எல்லாரையும் போல பிடி அரிசி குடுக்கலாமே."

சாப்பிடுகிற கை நின்றது. "யாராவது எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க மாமா. பிடி அரிசின்னா யாராவது வீட்டுக்கு வருவாங்க."

"வந்தா?"

"வந்தா ஜெபம் பண்ணுவாங்க."

அவர் கையை உதறிவிட்டு எழுந்திருக்கப் போகிறார் என்று பயந்தேன். எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்கம்மா பிடி எடுக்கும். பானைல இருக்கறதே மூணு பிடி. அதுல ஒண்ண எடுத்து வச்சிட்டு மிச்சத்தக் காய்ச்சி எங்களுக்கு ஊத்தும். அது குடிக்காது. கேட்டா, பசிக்கலன்னும். நானு சின்னப் பையன், அந்தக் கலயத்த ஒடைக்கலாமான்னு பாத்துக்கினே இருப்பேன். எனக்குன்னு ஒரு வூடு வந்தா அங்கேருந்து பிடி போவக்கூடாது, மூட்டதான் போவணும்னு அன்னிக்கு நெனச்சவன்மா. நீ என்னிய திரும்ப அங்க இட்டுக்கினு போற."

அவர் அம்மா பசியோடு இருந்ததற்கு நான் என்ன சொல்ல முடியும்? ஆனாலும் ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்தேன். அந்த அம்மாள் வீட்டுக்கு வாராவாரம் யாரோ வந்தார்கள். இவரைப் பேர் சொல்லி ஜெபம் பண்ணினார்கள். அதை மட்டும் ஏன் மறந்துவிட்டார்?

களம் காய்ந்த வருஷம்

அறுபதுகளின் நடுவில் அரிசிக்கு வந்த தட்டுப்பாடு பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேஷன் கடையில் மக்கிய வாசனை அடிக்கும் அரிசி, அதுவும் வந்தால் உண்டு. கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் உலையில் போட்டு வேக வைத்துத் தின்றோம். ஏரி காய்ந்தது. நெல்லை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று தடை. சர்க்கார் ஆட்கள் வந்து சுற்றுவட்டாரத்தில் இருந்த மில் எல்லாவற்றிலும் இருப்பைப் பார்த்துப் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் மில்லிலும் வைத்தார்கள்.

சத்தம் நின்றது. சனிக்கிழமை அமைதி எல்லாக் கிழமைக்கும் வந்துவிட்டது. களத்துப் பெண்களுக்குக் கூலி இல்லை. நேசம்மா சீத்தாப்பழம் பறித்து விற்க மலைப்பக்கம் போகிறாள் என்றார்கள். எங்கள் வீட்டிலும் கேழ்வரகுக் கூழ்தான். ரேஷன் அரிசி கிடைத்த அன்றைக்கு மட்டும் சோறு.

முதல் ஞாயிறு வந்தது. கொடுக்க மூட்டை இல்லை. நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் மாமனார் கட்டிலில் இருந்தார்.

"கோயிலுக்கு நேரமாச்சுங்க மாமா."

"நீ போயிட்டு வாம்மா. வெறுங்கைய வச்சிக்கினு நானு எப்டி வர்றது?"

அந்த மனுஷன் வருஷக்கணக்கில் மூட்டைக்குப் பின்னால் நடந்தே கோயிலுக்குள் போனவர். முன்னால் மூட்டை இல்லாமல் எப்படி உள்ளே நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் போய்ப் பரிதாபம் வந்தது. நானும் போகவில்லை. அதற்கப்புறம் நாலைந்து ஞாயிறு இரண்டு பேருமே போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்டு வரவும் இல்லை. அடுப்பங்கரையில் ஒரு பக்கம் நானும், கூடத்தில் ஒரு பக்கம் அவருமாக, அந்தத் தேக்கு பெஞ்சை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்ட மாதிரி இருந்தோம்.

டப்பாவில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி இல்லாத நாளில் கேழ்வரகு. ஏன் போட்டேன் என்றால், நிறுத்தினால் நான் உபதேசியார் மகள் என்பதே எனக்கு மறந்துவிடும் போல இருந்தது.

முன்வாசல்

ஒரு சனிக்கிழமை ஜன்னலில் நிற்கிறேன். நேசம்மா வருகிறாள். ஆள் இளைத்திருந்தாள். வழக்கமான இடத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்தாள். ரோட்டைக் கடந்தாள். எங்கள் முன்வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, பிடி அரிசி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"எங்க வீட்டுலயாக்கா?" என்றேன்.

"மூட்டை குடுக்கற வூட்டுக்குத்தானே வர வேணாம்னாங்க. மூட்டை நின்னு போச்சில்ல. இப்ப இந்த வூடும் நம்ம வரிசைதானே."

அவள் குரலில் இரக்கமும் இல்லை, கேலியும் இல்லை. ஒரு வீடு விட்டுப் போயிருந்தது, சேர்த்துக்கொண்டாள். ஊரே வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த அந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூசுகிறது. ஆனால் சந்தோஷம்தான். ஓடிப்போய்ப் பாய் போட்டேன். அவள் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரை வாங்கி மடக் மடக் என்று குடித்தாள்.

சத்தம் கேட்டு மாமனார் கூடத்திலிருந்து வந்தார். நேசம்மா எழுந்திருக்கப் போனவள், கையில் சபையின் பை இருந்ததால், கூலிக்காரியாக வரவில்லை என்று எழுந்திருக்கவில்லை. அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். விறுவிறு என்று உள்ளே போனார். அன்றைக்குத்தான் வாங்கி வந்திருந்த ரேஷன் அரிசியை ஒரு பித்தளைச் சொம்பு நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அது எங்கள் வாரச் சாப்பாடு. பையில் கவிழ்க்கக் குனிந்தார்.

நேசம்மா பையின் வாயை உள்ளங்கையால் மூடினாள். "சொம்பு வேணாம் மொதலாளி. கையால போடுங்க."

"கூட இருந்தா உபதேசியார் புள்ளைங்களுக்கு ஆவும்ல?"

"எல்லா வூட்லயும் ஒரு பிடிதான். நீங்களும் அதே போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து நீட்டினேன். கேழ்வரகும் அரிசியும் கலந்து கிடந்ததைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறார். வலது கையை உள்ளே விட்டு அள்ளினார். இரண்டு விரல் இல்லாத கை. டப்பாவிலிருந்து பைக்குப் போவதற்குள் பாதி ஒழுகிப் பாயில் விழுந்தது. மிச்சத்தைப் போட்டார். நேசம்மா பாயில் சிந்தினதைக் கூட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நான் சேர்த்து வைத்ததையும் வாங்கிக்கொண்டாள்.

"வூட்ல யாரு யாரும்மா?" என்று கேட்டாள். தெரியாதா அவளுக்கு? ஆனால் கேட்பதுதான் முறை.

"நானு, மாமா. அவர் மெட்ராசில."

"உங்க பேரு இன்னா?"

"சுகிர்தம்."

"உங்க வூட்டுக்காரு சாமுவேல் தம்பி பேரு தெரியும். மொதலாளி பேரு இன்னான்னு சொல்றது?" என்று அவரைப் பார்த்தாள். சபையில் யாருக்கும் அவர் பேர் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யேசடியான்" என்றார். "எங்கம்மா அப்டித்தான் கூப்டும்."

நேசம்மா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்த வூட்டுல இருக்கற யேசடியானுக்காக, சுகிர்தத்துக்காக, தூரதேசத்துல இருக்கற சாமுவேலுக்காக" என்று ஆரம்பித்தாள். மெட்ராஸ் அவளுக்குத் தூரதேசம். மாமனாருக்கு ராத்திரியில் தூக்கம் வர வேண்டும், எனக்கு ஒரு குழந்தை வர வேண்டும், களத்தில் மறுபடி நெல் காய வேண்டும் என்று கேட்டாள். என் பேரை அவள் மறுபடி ஒரு தடவை சொன்னபோது என்னால் அடக்க முடியவில்லை. தேம்பி அழுதேன். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். மத்தியானமே அவர் குளித்துத் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "வர்ற நேரமாச்சா?" என்று கேட்பார். நான் அடுப்பில் சுக்குக் காப்பி போட்டு வைப்பேன். நேசம்மா வந்து யார் வீட்டில் என்ன என்று சொல்லுவாள். யாருக்குக் காய்ச்சல், யார் பெண் வயதுக்கு வந்தாள், உபதேசியார் வீட்டில் கஞ்சி எத்தனை தண்ணியாக இருக்கிறது, எல்லாம். அடுத்த ஞாயிறே இரண்டு பேரும் வெறுங்கையோடு கோயிலுக்குப் போனோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் மட்டும் நடு இடம் காலியாகவே இருந்தது, அது வேறு.

சீல் உடைத்த பிறகு

மறு வருஷம் மழை பெய்தது. பூட்டைத் திறந்து கொடுத்தார்கள். பாய்லரில் தீ மூட்டிய அன்றைக்குக் களத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். நேசம்மாவும் துழாவுகோலோடு வந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் மனுஷியா?

முதல் ஞாயிறு வந்தது. மூட்டை போயிற்று. மாமனார் பின்னாலேயே நடந்தார். 'தொம்' என்றது. ஆமென் சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மில்லை நிறுத்தினார்கள். அவர் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுக்குத் தட்டிப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். நேசம்மா வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கமாக வந்தாள்.

"தோத்திரம்மா" என்றாள்.

"வாங்கக்கா, காப்பி ஆயிட்டுது" என்றேன்.

நின்றாள். பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கமிட்டில சொல்லிட்டாங்கம்மா. மூட்டை வர்ற வூட்டுக்குப் போவ வேணாம்னு. நானும் களத்துக்குத் திரும்ப வந்துட்டேன், இனிமே முன்வாசல்ல வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க." போகத் திரும்பியவள், "மனசுல வச்சிக்காதீங்கம்மா" என்றாள். நடுவில் ஒரு பஸ் போனது. பஸ் போன பிறகு பார்த்தால் வளைவு வரைக்கும் போய்விட்டாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாமனார் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தார்.

"வரலையா?"

"இல்லீங்க மாமா."

"மூட்டைய நிறுத்த முடியாதும்மா. அதுல எத்தினி வயிறு இருக்குது. நீயும் பாத்தல்ல அந்தக் கஞ்சிய."

"தெரியும் மாமா." தெரிந்துதான் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கஞ்சியைப் பறித்துக்கொண்டு எனக்கு ஒரு ஜெபம் வேண்டுமா? வேண்டாம். ஆனாலும் நெஞ்சு வலித்தது.

வெயில் இறங்கும் வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். அப்புறம் அவர் சொன்னார்.

"சுகிர்தம்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"உள்ள வாம்மா. காப்பி ஆறுது. அந்த டப்பாவ எடுத்துக்கினு வா."

கொண்டுபோய் வைத்தேன். பாயில் உட்கார்ந்தார். நேசம்மா உட்காருகிற இடத்தில் ஒரு தம்ளர் காப்பியை வைக்கச் சொன்னார். விரல் இல்லாத அந்தக் கையை டப்பாவின் மேல் வைத்துக் கண்ணை மூடினார். பெரிய மனிதர்தான், ஆனால் வாய்விட்டு ஜெபம் பண்ணி அவருக்குப் பழக்கம் இல்லை. மில்லின் கூரைத் தகரம் சூடு ஆறிச் சொடுக்கிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே," என்று கடைசியில் ஆரம்பித்தார், "இந்த வூட்டுல ரெண்டு பேரு இருக்கோம்."